அட்டை யானையின் வயிறு

பாஞ்சாலை செய்கிற யானைக்கு எடையே இருக்காது. அட்டைக் குழலில் செய்தது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் கவிழ்ந்து உருண்டுவிடும்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. மழை இல்லாமல் சாமைக் கொல்லை கருகிப்போனதும், எண்பத்து மூன்றாம் வருஷம் புருஷன் சின்னதம்பியோடு மலைச்சரிவில் கீழே இறங்கி அமிர்திப் பக்கம் வந்தாள். வன இலாகா நாற்றங்காலில் பாலிதீன் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது. பாலிதீன் பெரிய சுருள்களாக லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொரு சுருளுக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்குத் தடித்த அட்டைக் குழல் ஒன்று இருக்கும். பாலிதீன் தீர்ந்ததும் குழலைக் குப்பைமேட்டில் வீசிவிடுவார்கள்.

கூட வேலை செய்த ரஞ்சிதத்தின் கைக்குழந்தை ஒருநாள் ஓயாமல் அழுதது. பாஞ்சாலை ஒரு குழலைத் துண்டு போட்டு, உள்ளே புளியங்கொட்டைகளைப் போட்டு, இரண்டு பக்கமும் காகிதத்தால் அடைத்து ஆட்டிக் காட்டினாள். குழந்தை அழுகையை மறந்து கையை நீட்டியது. அதற்குப் பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. ரம்ப பிளேடால் குழலை அறுப்பாள். புளியங்கொட்டையை வறுத்துத் தோலெடுத்து, அரைத்துக் காய்ச்சிப் பசை பண்ணுவாள். பெரிய துண்டு யானைக்கு வயிறு. முன்வாயை மூடும் வட்ட அட்டை முகம், பின்வாய்க்கு இன்னொரு மூடி. காகிதத்தை இறுக்கிச் சுற்றிக் காலும் தும்பிக்கையும். செம்மண்ணும் விளக்குக் கரியும்தான் சாயம். நாற்றங்காலுக்குப் பொறுப்பான வனவர் தேவராஜ், "குப்பைக்குப் போறதுதானம்மா, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். செக்போஸ்ட்டில் நிற்கும் ஃபாரஸ்ட் கார்டுகளின் பிள்ளைகள்கூட அவளிடம் யானை வாங்கிப் போனார்கள். அவளுக்கு ஆனக்காரம்மா என்றே பெயர் விழுந்தது.

லட்சுமணன் வேலூர்க்காரன். ஜீப்பில் மலைக்கு வந்து புளி வாங்கிப் போகிறவன். அவன் ஒருநாள் குடிசை வாசலில் நின்று யானைகளைப் பார்த்தான்.

"எத்தினி செஞ்சாலும் நான் எடுத்துக்கறேம்மா. பொம்ம, கிலுகிலுப்ப எல்லாம் வாணாம். ஆன மட்டும் போதும். பின்னாடி மூடிய மட்டும் ஒட்டாத வுட்டுடு. கலர் அடிக்கிறப்போ அங்கயே ஒட்டிக்குவாங்க."

அவள் மறுத்துக் கேட்கவில்லை. குப்பையில் கிடந்ததை ஒருவன் பேரம் பேசாமல் வாங்கிப் போகிறான். அந்தச் சந்தோஷத்தில் விடியும் முன்பே எழுந்து பசை காய்ச்சினாள். சின்னதம்பியையும் லட்சுமணன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். சில நாள் சின்னதம்பி வீட்டுக்கே வரமாட்டான். வந்தாலும் முகம் பார்த்துப் பேசமாட்டான். கேட்டால், "புளி மூட்ட தூக்கறேன், வேற இன்னா?" என்பான்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை. பாஞ்சாலை தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, வாசலில் யானை மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"ஜீப்பு ரிப்பேராம். நாமளே பஸ்ல எடுத்துக்கினு போய் வேலூர் கடையில குடுத்துட்டு வந்துர்லாம். நீயும் கெளம்பு" என்றான் சின்னதம்பி.

அவள் மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே தோளில் ஏற்றிக்கொண்டான். பொண்டாட்டி சுமக்கக் கூடாது என்று நினைக்கிறான்போல என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் சீத்தாப்பழக் கூடையோடு மாதம்மாள் என்ற கிழவி. வெயில் ஏறஏறப் பஸ்ஸின் தகரம் காய்ந்தது. கிழவி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா வாசன இது? யாரோ சாமிக்குச் சந்தனம் எடுத்துக்கினு போற மாரி கீது."

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உன் சீத்தாப்பயம்தான் மணக்குது ஆயா" என்று கண்டக்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னதம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலை குனிந்து மூட்டையின் வாய்க்குள் கையை விட்டாள். ஒரு யானையின் முதுகு தட்டுப்பட்டது. பிடித்துத் தூக்கினாள். யானை எழவில்லை.

"யோவ், உள்ள இன்னா வச்சிக்கிற?" வாய் அசையாமல் கேட்டாள்.

"கம்முனு உக்காரு."

"சந்தனக் கட்டையா?"

"கத்தாத. செக்போஸ்ட்ல உன்ன எல்லாருக்கும் தெரியும். ஆனக்காரம்மான்னு சிரிச்சிட்டு வுட்ருவாங்க. அதுக்குத்தான் உன்ன கூட்டிக்கினு வந்தது."

கட்டையைவிட இந்தப் பேச்சுதான் அவளை அடித்தது. இத்தனை நாள் ஜீப்பில் போன யானைகளெல்லாம் கண்முன் வந்தன. அவள் அறுத்து அறுத்துச் செய்த வயிறுகள். இன்னும் இரண்டு வளைவு தாண்டினால் செக்போஸ்ட். கார்டு ஏறுவார். "இன்னா ஆனக்காரம்மா, எங்க புறப்பட்ட?" என்று கேட்பார். அவள் சிரிக்க வேண்டும்.

எழுந்து நின்றாள். "கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க. எனுக்கு வாந்தி வருது."

பஸ் நின்றது. அவள் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினாள். மூட்டையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாமல் சின்னதம்பியும் பின்னாலேயே குதித்தான்.

"நீங்க போங்க, நாங்க நடந்து வர்றோம்" என்றாள். பஸ் போய்விட்டது.

"பைத்தியமாடி உனுக்கு? அவன் பின்னாடியே வர்றான்!"

"எவன்? ஜீப்புதான் ரிப்பேர்னியே?"

"ரிப்பேர் இல்ல. ஜீப்ப இப்பல்லாம் செக்போஸ்ட்ல சோதிக்கிறாங்க" என்றான். மேல் வளைவில் ஒரு என்ஜின் சத்தம் கேட்டது.

இருவரும் மூட்டையை உண்ணிச்செடிப் புதருக்குள் தள்ளிவிட்டு அதன் பின்னால் படுத்தார்கள். முள் அவள் தோளைக் கிழித்தது. அப்போதுதான் பார்த்தாள். இழுத்த இழுப்பில் ஒரு யானையின் மூடி கழன்று, ரோட்டு நடுவில் செக்கச்செவேலென்று கிடந்தது. எழுந்து போய் எடுக்க நேரமில்லை.

ஜீப் வந்தது. மூடியின் மேல் ஏறிப் போனது. பாஞ்சாலை மூச்சு விட்டாள். கொஞ்ச தூரம் போய் ஜீப் நின்றது. பிறகு பின்னோக்கி வந்தது.

லட்சுமணன் இறங்கி அந்த நசுங்கிய வட்டத்தைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சின்னதம்பி!" என்று கூப்பிட்டான். கோபமே இல்லாத குரல். வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல. "எங்கடா இருக்க? பயப்படாத, வா."

சின்னதம்பியின் உடம்பு எழப் பார்த்தது. பாஞ்சாலை அவன் முதுகின் மேல் தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள். லட்சுமணன் ரோட்டோரம் வந்தான். புதருக்கும் அவன் செருப்புக்கும் நடுவே ஒரு மழைத்தண்ணீர்ப் பள்ளம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டக் காலெடுத்தான்.

மேலே ஒரு லாரியின் ஹாரன் அலறியது. பாரம் ஏற்றிய லாரி. குறுகலான அந்த வளைவில் ஜீப்பைத் தாண்டி அதனால் போக முடியாது. டிரைவர் தலையை நீட்டித் திட்டினார். லட்சுமணன் காட்டை ஒருமுறை பார்த்தான். மூடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். ஜீப்பும் லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின.

வண்டிச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகே இருவரும் எழுந்தார்கள்.

"இங்கயே கொளுத்திட்லாம்" என்றான் அவன்.

"கொளுத்தினா மலையே மணக்கும்."

"அப்ப ஓடையில போட்ருவோம்."

"சரக்கு எங்கன்னு அவன் நாளைக்கு வந்து கேப்பான். இன்னா சொல்லுவ?"

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தேவராஜ் சார்கிட்ட போவலாம்" என்றாள்.

"என்ன உள்ள தள்ளிடுவாங்கடி."

"தள்ளட்டும். சோறு எடுத்துக்கினு வந்து பாக்கறேன். அவன் கையில உன்ன குடுத்துட்டு வூட்ல குந்திக்கினு இருக்க என்னால ஆவாது."

அவன் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினான். ரோட்டை விட்டுவிட்டுக் காட்டுத் தடத்திலேயே திரும்பி நடந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்றார்கள்.

நாற்றங்காலில் தேவராஜ் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலை ஒரு யானையை எடுத்துத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் வயிற்றைக் கிழித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுலபத்தில் கிழியவில்லை. உள்ளிருந்து வைரம் பாய்ந்த சந்தனத் துண்டுகள் விழுந்தன.

தேவராஜ் அவற்றைத் தொடவில்லை. "நான் குடுத்த குழலா இது?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க சார். எனுக்கு இன்னிக்கித்தான் தெரியும். இவருக்கு முன்னயே தெரியும்."

புருஷனைக் காப்பாற்ற அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது அவளுக்கே பின்னாளில் ஆச்சரியமாக இருந்தது.

சின்னதம்பியைக் கைது செய்தார்கள். தானே கொண்டுவந்து கொடுத்ததாலும் லட்சுமணனைப் பற்றி எல்லாம் சொன்னதாலும் தண்டனை குறைந்தது. ஆனாலும் ஜெயில் ஜெயில்தான். லட்சுமணனின் ஜீப் மட்டும் கிடைத்தது. ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. தேவராஜிடம் விசாரணை நடந்தது. அவர்மேல் தப்பில்லை என்று ஆனாலும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிறபோது அவர் பாஞ்சாலையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது அவளை ரொம்ப நாள் உறுத்தியது. அவளுக்கு நாற்றங்கால் வேலையும் போனது. குடிசைப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு ரஞ்சிதத்தின் வீட்டுக்கு ஓடுவாள். ரஞ்சிதம் உடனே கதவைத் திறப்பாள்.

அடிவாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய மதலேனாள் டீச்சர், ஒரு மூட்டை குழலைச் சேர்த்துக் கொண்டுவந்து பாஞ்சாலையிடம் கொடுத்தார். "பிள்ளைங்களுக்கு எதுனா செஞ்சி குடும்மா."

"ஆன வாணாம் டீச்சர்" என்றாள்.

அந்தக் குழல்கள் மூலையில் கிடந்தன. பல நாள் கழித்து, அவள் ஒன்றை மெல்லிய வளையங்களாக அறுத்து, கயிற்றில் கோத்துத் தலை வைத்தாள். தரையில் இழுத்தால் நெளிந்து நெளிந்து போகிற பாம்பு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டை. அதற்குள் யாரும் எதையும் வைக்க முடியாது. பிள்ளைகள் பயந்து கத்தினார்கள், பிறகு சண்டை போட்டுக் கேட்டார்கள். அதிலேயே அவள் பிழைப்பு மறுபடி ஓடத் தொடங்கியது.

சொன்னபடி, அவனைப் பார்க்க விடுகிற நாளிலெல்லாம் சோறு கட்டிக்கொண்டு வேலூர் ஜெயிலுக்குப் போனாள். உள்ளே கொண்டுபோக விடாத நாளில் வாசலில் உட்கார்ந்து தானே தின்றுவிட்டுத் திரும்பினாள்.

சின்னதம்பி விடுதலையாகி வந்த அன்று, குடிசைக்குள் நுழையத் தயங்கி வெளியிலேயே நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெயில் சாயும்வரை நின்றவன், பிறகு வந்து எதிரே உட்கார்ந்து, ரம்ப பிளேடை எடுத்து ஒரு குழலை அறுக்கத் தொடங்கினான். வளையம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து விழுந்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"கோணலா அறுக்கிற" என்றாள்.

"சொல்லிக் குடு."

"குழல உருட்டி உருட்டி அறு. அமுக்காத."

அவன் குழலை மெல்ல உருட்டினான்.