ரென்னர் ஓடிப்போய் நின்ற இடம்

ரென்னரை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி, ஒரு புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு, தெலுங்குத் தலைநகரத்தின் கம்ப்யூட்டர் பேட்டையான கொண்டாப்பூருக்கு வந்து சேர்ந்தது. ரென்னர் யார் என்று கொண்டாப்பூரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கேட்டாலே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஜன்னலோர வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கு அது சொந்த வீட்டுச் செய்தி.

அந்த ஆறு பேருக்கும் பேஸ்பால் பார்ப்பதுதான் உத்தியோகம். சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், ஆனாலும் உண்மை அதுதான். அமெரிக்க ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு பந்துக்கும் குறிப்புப் போட வேண்டும். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் இயந்திரமே அளந்துவிடும். பந்தைப் பிடிப்பவன் கையுறையை எங்கே காட்டி "இங்கே போடு" என்று கேட்டான், எறிந்தவன் அதை எவ்வளவு தள்ளிப் போட்டான் என்பதற்குத்தான் இன்னும் மனுஷக் கண் தேவைப்படுகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை.

இந்த வரிசைக்கு வாய்த்தது அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஓர் அணி. அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. பச்சைச் சட்டை என்றால் போதும். தினமும் எட்டு மணி நேரம் ஒரே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பாசம் வராது? ஆறு பேரும் ரசிகர்களாகிவிட்டார்கள். பச்சைச் சட்டை ஜெயித்த அன்று யாராவது உஸ்மானியா பிஸ்கெட் வாங்கி வர வேண்டும் என்பது ஏற்பாடு. பிஸ்கெட் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மங்கை ஆன்ட்டி, உங்க ஆளு போயிட்டான்," என்றான் ராஜீவ். மாரேட்பல்லிப் பையன், இருபத்தாறு வயது, வாய் மட்டும் அறுபது வயது. "ரென்னரைக் குடுத்துட்டு நீலச் சட்டைக்காரங்க கிட்டேருந்து ஒர்டேகாவ வாங்கியிருக்காங்க."

ரென்னர், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்து பந்து எறிகிறவன். வருவான், வாங்கிக் கட்டிக்கொள்வான், போவான். ஒர்டேகா நீலச் சட்டை அணியில் மட்டை பிடிப்பவன். அவன் மட்டைக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிறது. ராஜீவ் அமெரிக்க ரசிகர்களின் பக்கத்தைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். "இதுக்குப் பதிலா நாலு பை சூரியகாந்தி விதை வாங்கியிருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "இவங்கள மாத்தினதுல ஜெயிச்சது விமானக் கம்பெனிதான்" என்று இன்னொருவர். வரிசையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ராஜீவ் தன் பங்கையும் போட்டான்.

"கச்ரா தேகே கச்ரா லியே."

குப்பையைக் கொடுத்துக் குப்பையை வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மங்கையர்க்கரசிக்கு விசைப்பலகையில் விரல் நின்றுவிட்டது. இதே வார்த்தையை இதே வாயிலிருந்து பதின்மூன்று மாதம் முன்பு அவள் கேட்டிருந்தாள். அன்று ராஜீவ் தேநீர் அறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எந்த ஆட்டக்காரனையும் பற்றி அல்ல, அவளைப் பற்றி. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் டிபன் டப்பாவோடு நின்றிருந்தாள். அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தேழு வயது. அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே லாலாகுடா வந்து சேர்ந்த குடும்பம். கணவர் கிருஷ்ணமூர்த்தி பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகள் ஸ்ரேயா தமிழில் கேட்ட கேள்விக்குத் தெலுங்கில் பதில் சொல்லி, இங்கிலீஷில் கோபித்துக்கொள்கிற வயதில் இருக்கிறாள்.

பத்தொன்பது வருஷம் மங்கை அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். தும்மலுக்கு நடுவே டாக்டர் சொன்ன மருந்துப் பெயரைக்கூடச் சரியாகப் பிடிப்பாள். பிறகு அந்தக் காரியத்தை மென்பொருள் செய்ய ஆரம்பித்தது. கம்பெனி அவளை மூன்றாம் மாடியில் இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் போட்டது. மற்றவர்கள் வேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். இவள் நோயாளியின் மொத்தக் கதையையும் படித்து, பாவம் என்று பெருமூச்சு விட்டு, பிறகுதான் அடுத்ததை எடுப்பாள். மாதக் கடைசியில் தரவரிசை ஒட்டும்போது அவள் பெயரை அடியிலிருந்து தேடினால் உடனே கிடைத்துவிடும்.

அப்போதுதான் மாற்றல் வந்தது. ஐந்தாம் மாடியில் பேஸ்பால் பிரிவில் கடைசியாக இருந்த ஜுலைகாவை மூன்றாம் மாடிக்கு அனுப்பி, மூன்றாம் மாடியில் கடைசியாக இருந்த மங்கையை மேலே ஏற்றினார்கள். ஆளுக்கு ஆள். ஜுலைகா போகிற அன்று கழிவறையில் நின்று அழுதாள் என்று கேள்வி. தன்னால் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போனதே என்று மங்கைக்கு உறுத்தியது. அதிலிருந்து ஜுலைகாவை லிஃப்டில் பார்த்தால்கூட ஏதோ மறந்தவள் மாதிரித் திரும்பிவிடுவாள்.

ஆனால் ஐந்தாம் மாடி அவளை ஏற்றுக்கொண்டது. அல்லது ரென்னர் ஏற்றுக்கொண்டான் என்றும் சொல்லலாம். ஜுலைகா விட்டுப்போன இடத்தில் அவள் முதலில் எடுத்த வீடியோவே அவனுடையதுதான். நெட்டையாக, காது விடைத்து, ஊருக்குப் புதிதாக வந்தவன் போல நின்றான். இரண்டாவது பந்தையே ஒருவன் வெளுத்துவிட்டான். பந்து தொலைவில் போய் விழுந்தது, எதிரணி ஓடியது, அரங்கமே கூச்சல் போட்டது. மங்கை அப்போது திரையின் ஓரத்தைப் பார்த்தாள். ரென்னர் தலையில் கை வைத்து நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தான்.

எங்கே ஓடுகிறான் என்று புரிய அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. தொலைவிலிருந்து ஒருவன் பந்தைத் திருப்பி எறிவான். அது பிடிப்பவன் கைக்குத் தப்பிப் பின்னால் போனால் எதிரணிக்கு இன்னும் ஓர் ஓட்டம். அதனால் பந்து எறிகிறவன் பிடிப்பவனுக்குப் பின்னால் வேலியோரம் போய்க் காவலாக நிற்க வேண்டும். பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம் வருவதே இல்லை. அடி வாங்கிய எரிச்சலில் சிலர் இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள். ரென்னர் ஒவ்வொரு தடவையும் முழுசாக ஓடினான். இதைக் குறிக்க விசைப்பலகையில் ஒரு பொத்தானும் கிடையாது. கணக்கில் ஏறாத ஓட்டம். அவள் மட்டும் தினமும் அதைப் பார்த்தாள். அடுத்த நாள் காலை நாலரைக்கு எழுந்து வண்டி ஏறுவதற்கு அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இதை வெளியில் சொல்ல வெட்கம், ஆனால் அவன் பேரில் அவளுக்கு இருந்தது நன்றிதான்.

அந்த நன்றியெல்லாம் இருந்தும் அவளுடைய மெயில் பெட்டியில் ஒரு ராஜினாமாக் கடிதம் அனுப்பாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமை வருடாந்திரப் பேச்சு. தன்னைப் போகச் சொல்வார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். தலையில் கட்டிய சுமையை எத்தனை நாள்தான் சுமப்பார்கள்? போகச் சொல்வதற்கு முன்னால் நாமே போய்விட்டால் மரியாதையாவது மிஞ்சும். புதன்கிழமை காலை ராஜீவ் சொன்ன அந்த நாலு வார்த்தையோடு அவளுடைய பொறுமையும் தீர்ந்துபோனது. எழுந்து நேராகப் பிரிவுத் தலைவர் சங்கரின் கண்ணாடி அறைக்குப் போனாள். சங்கரன்கோவில்காரர், இவளைவிட எட்டு வயது இளையவர்.

"சார், ஒண்ணு கேக்கணும். என்னையும் அப்படித்தான மாத்தினீங்க? வேண்டாதவளக் குடுத்து வேண்டாதவள வாங்கறாப்ல."

சங்கர் மழுப்புகிற ஆள் இல்லை. அதுவே அவருடைய குறை, அதுவே அவருடைய நிறை.

"உண்மையச் சொல்லட்டா மேடம்? நான் உங்கள வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க மார்க்கு அப்படில்லா இருந்துச்சு. ஜுலைகாதான் ஒத்தக்கால்ல நின்னாங்க, உங்களத்தான் எடுக்கணும்னு."

மங்கைக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஜுலைகாவா? அவ எதுக்கு?"

"அவங்களுக்குக் கண்ணு பிரச்சினை. ஓடுத படத்தப் பாத்தா தலைவலி தாங்கல, அதான் மார்க்கு விழுந்துச்சு. அசையாம நிக்கித பக்கத்தப் பாக்குத வேலைக்குப் போங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. போறேன், ஆனா என் எடத்துக்கு மங்கை அக்கா வந்தாத்தான் போவேன்னு சொல்லிட்டாங்க. கொத்தகூடா சிக்னல்ல நம்ம கேப் ஸ்கூட்டர்ல இடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா? ஜுலைகாவும் அந்த வண்டிலதான் இருந்தாங்க. வண்டில இருந்த எல்லாரும் ஆளுக்கு ஒரு கத சொன்னாங்களாம். நீங்க மட்டும் யாரு எந்தக் கால எப்ப எடுத்து வச்சாங்கங்கது வரைக்கும் போலீஸ்காரர்ட்ட வரிசையாச் சொன்னீங்களாம். 'அந்தக் கண்ணு நமக்கு வேணும் சார்'னாங்க. மாசா மாசம் என்கிட்ட விசாரிப்பாங்க, நீங்க எப்படி இருக்கீங்கன்னு."

 கடைசிக்குக் கடைசி என்று பதின்மூன்று மாதம் சுமந்த வெட்கம் எங்கே போனதென்று மங்கைக்கே தெரியவில்லை. அதன் இடத்தில் வேறு ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்தது. லிஃப்டில் அந்தப் பெண்ணைப் பார்த்து எத்தனை தடவை முகத்தைத் திருப்பியிருப்பாள்?

"வெள்ளிக்கிழம பேசலாம்னு இருந்தேன். வேலை போயிரும்னு உங்களுக்குப் பயம் இருந்தா அத விட்டுருங்க மேடம்," என்றார் சங்கர். அவள் தலையாட்டிவிட்டு வந்து, முதல் காரியமாக அந்தக் கடிதத்தை அழித்தாள்.

மூன்றாம் மாடியில் பகல் பிரிவு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். ஒன்பது ஐந்துக்கு மங்கை அங்கே நின்றாள். ஜுலைகா வாணியம்பாடியிலிருந்து மல்லேபல்லிக்கு வாழ்க்கைப்பட்டவள், முப்பத்தைந்து வயது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மங்கை வழி நெடுக என்னென்னவோ பேச யோசித்து வந்திருந்தாள்.  முந்திக்கொண்டது ஜுலைகாதான்.

"அக்கா, நம்ம ரென்னர வித்துட்டாங்களாமே? காலையில பாத்தேன். மனசே சரியில்ல."

"நீ இன்னும் அவனப் பாக்கறியா?"

"கண்ணு நக்கோ, வேணாங்குது, மனசு கேக்குதா? ஸ்கோர் மட்டும் பாப்பேன். அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அடி வாங்கினா இன்னும் ஓடுறானா? பின்னாடி, வேலிகிட்ட?"

மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத்தில் தான் ஒருத்திதான் அதைக் கவனித்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹவ், ஆமா. ஒவ்வொரு வாட்டியும் ஓடறான்," என்றாள். பிறகுதான் சொல்ல வந்தது வாயில் வந்தது. "சங்கர் சார் இன்னைக்குத்தான் சொன்னார் ஜுலைகா. நீ என் மேல கோவமா இருக்கேன்னு நெனச்சு நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு திரிஞ்சேன். நீ அழுதேன்னு சொன்னாங்களே."

"அழுதேன்தான். அந்த வேலை எனக்கு உசுரு. ஆனா அதுக்கு ஒங்க மேல கோவம் கைக்கு, எதுக்கு? நீங்கதான் திரும்பிக்கிட்டீங்க. கடைசி மார்க்கு வாங்குனவ எடத்துல ஒங்கள உக்கார வெச்சுட்டேன்னு ஒங்களுக்கு ரோசம்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதின்மூன்று மாதமாக ஒரே கட்டடத்தில் ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள், கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தி, இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொருத்தி. மங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி ஜுலைகா. நீ இல்லேன்னா நான் வீட்ல உக்காந்திருப்பேன்," என்றாள். இப்படி நேராக நன்றி சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சொன்ன பிறகு உடம்பே லேசானது.

வெள்ளிக்கிழமை வருடாந்திரப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அவள் வேலை உறுதியாகிவிட்டது, இனிமேல் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி என்று சங்கர் சொன்னார். வெளியே வந்தபோது ஒன்பதே முக்கால். நீலச் சட்டைக்காரர்கள் அன்று மேற்குக் கரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜுலைகா தேநீர் அறையில் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்துக் காத்திருந்தாள். தலைவலி வந்தால் வரட்டும், பத்து நிமிஷம்தானே என்றாள்.

ரென்னர் வந்தான். நீலச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. முதல் பந்து கையுறை கேட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனது. இரண்டாவது பந்தை எதிரணிக்காரன் தூக்கி மைதானத்தின் மூலைக்கு அடித்தான். ஏற்கெனவே பாதி வழியில் நின்றிருந்த இன்னொருவன் ஓட்டம் முடிகிற இடத்துக்கு, பிடிப்பவனை நோக்கிப் பாய்ந்தான். தேநீர் எடுக்க வந்த ராஜீவ் இவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அங்கயும் அதே கதைதான்," என்றான்.

இரண்டு பெண்களும் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்கள். திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரென்னர் ஓடினான். பழகாத சட்டையில், பழகாத ஆட்களுக்காக, தொப்பி கழன்று விழ, வேலி வரைக்கும் ஓடிப்போய்க் கையுறையை விரித்துக்கொண்டு நின்றான். எறிந்த பந்து நேராகப் பிடிப்பவன் கைக்கே போய்விட்டது. அவன் பக்கம் வரவில்லை. அவன் திரும்ப நடந்துவந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டான்.

ஜுலைகா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள், தலைவலியா வேறு ஏதுமா தெரியவில்லை.

"பந்துதான் அங்க வரவே இல்லையே ஆன்ட்டி, எதுக்கு அவ்வளவு தூரம் ஓடறான்?" என்று கேட்டான் ராஜீவ்.

"பின்னாடி ஒருத்தர் நிக்கணும்டா," என்றாள் மங்கையர்க்கரசி, ஜுலைகாவைப் பார்த்துக்கொண்டே. பிறகு பையைத் திறந்து, பச்சைச் சட்டை ஜெயிக்காவிட்டாலும் காலையிலேயே வாங்கி வைத்திருந்த உஸ்மானியா பிஸ்கெட்டை எடுத்து முதலில் அவளிடம் நீட்டினாள், அடுத்து அவனிடமும்.