தெபோராவின் ஒரிஜினல் குரல் யாரிடமாவது இருக்கிறதா?

தெபோரா போய்விட்டாள்.

மஞ்சள் காமாலை. பத்து நாள் முன்புதான் கண்ணை விரித்துக் காட்டி, "மஞ்சளா இருக்குதாண்ணா?" என்று கேட்டாள். இன்று காலை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில்... முப்பத்து நான்கு வயது.

நான்கு மணிக்கு சிங்கவரத்தில் அடக்கம். அவள் வீட்டுக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள், எனக்கு ஒரு உதவி வேண்டும்.

செஞ்சிக்காரர்களுக்கு அவள் பாட்டு தெரியும். நான்கு வருடமாக கிறிஸ்துமஸ் வந்தால் பஜாரில் கேட்கிறதே, அவலூர்பேட்டை ஷேர் ஆட்டோவில் கூட ஓடுகிறதே... தேன் மாதிரி குரல் என்று கமென்ட் போட்டீர்களே, அந்தப் பாட்டு.

அது அவள் குரல் இல்லை.

அவளை முதலில் பார்த்தது எங்கள் சர்ச் கொயரில், பாடகர் குழுவில். நான் கீபோர்டு. அவள் ரெடிமேட் கடையில் வேலை முடித்து சைக்கிளில் நேராக பிராக்டிசுக்கு வருவாள், கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் நிற்பாள்.

அடித்தொண்டைக் குரல், கரகரவென்று. அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் காணாமல் போவார்கள். "நீ சத்தம் வராம வாய மட்டும் அசைம்மா" என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அவளும் அசைத்தாள். ஒரு வருடம்! எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பிறகு எங்களுக்குள் ஒரு ரகசிய ஏற்பாடு. பாட்டுப் புத்தக அட்டையில் விரலால் எத்தனை தட்டு தட்டுகிறாளோ, கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனில் ஸ்கேலை, அதாவது சுருதியை, அத்தனை படி இறக்குவேன். பெரும்பாலும் மூன்று.

ஒரு பெரிய வெள்ளியன்று மூன்று தட்டினாள். இறக்கினேன். முன்வரிசை அக்காக்களுக்குக் குரல் அவ்வளவு கீழே எட்டவில்லை, என்னை முறைத்தார்கள்... பின்னாலிருந்து தெபோரா பாடினாள். முன் பெஞ்சில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார்.

வெளியே வந்ததும் எனக்குக் கிடைத்த திட்டு தனிக் கதை. அவள் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, நானு தனியா ஒரு பாட்டு பாடி வெளியிடலாமா? யாருனா கேப்பாங்களா?"

ட்யூன் நான், வரிகள் அவள். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே டேக். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூடியோக்காரர் இன்னொரு டேக் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அப்புறம் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த டேக்கை கொயர் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிக் கருத்து கேட்டேன். "இன்னா இது, ஆம்பள கொரலா இருக்குது?" என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

ஸ்டூடியோக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்கேலை ஏற்றுங்கள் என்று சொன்னது நான்தான். அவளிடம் கேட்கவே இல்லை.

பாட்டின் ஸ்கேலை மொத்தமாக மூன்று படி ஏற்றினோம். கரகரப்பைத் தேய்த்து எடுத்தோம், மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டினோம்.

வெளியான அன்று போன் செய்தாள். "நல்லா இருக்குதுண்ணா... யாருண்ணா இது?"

பாட்டு ஓடியது. மேடைகளுக்குக் கூப்பிட்டார்கள். திருவண்ணாமலையில் ஒரு கூட்டத்தில் பாடி இறங்கியதும் ஒரு அம்மா அவளிடமே வந்து, "அந்தப் பாட்டு பாடுன பொண்ணு வரலியா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஏற்றிய ஸ்கேலிலேயே பாடிப் பழகினாள். தொண்டை புண்ணாகி ஒரு மாதம் பேச்சே இல்லை. "எம் பாட்ட என்னால பாட முடியலண்ணா" என்று ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினாள்.

அடுத்த பாட்டை உன் குரலிலேயே போடலாம் என்றேன். சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

இன்று மதியம் மைக் செட்டில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கையை ஆட்டினார்.

"நிறுத்துங்கய்யா அத. யாரோ பாட்றாங்க."

"ஒம் பொண்ணு பாட்டுதாம்மா" என்றார் மைக் செட்காரர்.

"பேருதான் அவுளுது. கொரலு அவுளுது இல்ல. எனக்குத் தெரியாதா?"

என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதான அவகூட வாசிப்ப. அவ நெசக் கொரலு உங்கிட்ட இருக்குமே. ஒருவாட்டி போடுப்பா, பொதைக்கறதுக்கு முன்ன கேட்டுடறேன்."

என்னிடம் இல்லை. என் லேப்டாப் போன வருடம் கெட்டுப்போனது, போனும் மாற்றிவிட்டேன். ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள், ஸ்டூடியோக்காரர் நம்பருக்கு ரிங் கூடப் போகவில்லை.

சர்ச் வீடியோக்களில் அவள் குரல் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் கேட்கிறது. மேடை வீடியோக்களில் எல்லாம் அந்த ஸ்கேலுக்கு எட்ட முடியாமல் திணறுகிறாள்.

திரும்ப மூன்று இறக்கினால் போதாதா என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரமாக அதைத்தான் செய்து பார்த்தேன். யாரோ தூக்கத்தில் பாடுவது போல் வருகிறது.

கொயர் நண்பர்களே, அன்று குரூப்பில் நான் அனுப்பியது யார் போனிலாவது இருக்கும். பழைய போன், மெமரி கார்டு, பீரோவில் கிடக்கிற உடைந்த போன்... எல்லாவற்றையும் பாருங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எடிட், மூன்றேகால் மணி: பதினோரு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. பதினொன்றும் ஸ்கேல் ஏற்றிய பாட்டுதான்.

எடிட், மூன்றே முக்கால்: அவளை எடுத்துப் போக வண்டி வந்துவிட்டது. கீபோர்டு மடியில் இருக்கிறது, மூன்று இறக்கி வைத்திருக்கிறேன். கல்லறையில் மியூசிக் மட்டும் வாசிப்பேன்.

அவள் அம்மா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாடுகிற இடத்தை உனக்கு விட்டுத்தான் வாசிப்பேன் தெபோரா. மன்னிச்சிடும்மா... போய்ட்டு வா.