சாய்த்துப் போட்ட தரை

அலுவலகத்தில் அவளுக்குக் கணக்கக்கா என்று பெயர். கட்டட வரைபடத்தைக் கணினியில் திறந்து, சுவர் சுவராக, அறை அறையாகக் குறித்துக்கொண்டே போவாள். செங்கல் எவ்வளவு, சிமெண்ட் எத்தனை மூட்டை, பெயிண்ட் எத்தனை வாளி என்று மென்பொருள் சொல்லிவிடும். இரும்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு கற்றுக்கொண்ட வேலை இது. கணவர் டைல்ஸ் மேஸ்திரி. இவள் கணக்குப் போட்டு வரவழைப்பதை அவர் தரையில் பதிப்பார். வீட்டுச் சண்டையில் பாதி அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு சிறிய நூலகம் கட்டினார்கள். வாசிப்பு அறைக்கு இளம்பச்சை டைல்ஸ். பாதி வேலையில் மேஸ்திரி போன் செய்தார்.

“டைல்ஸ் பத்தாது போலிருக்கே.”

“வேஸ்டேஜ் எல்லாம் சேத்துத்தாங்க போட்டேன்.”

“அப்ப தரைதான் வளந்துடுச்சு.”

குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, மடிக்கணினியோடு பஸ் ஏறினாள். போய்ப் பார்த்தால், அறை நடுவிலிருந்து டைல்ஸ் எல்லாம் மூலைவாட்டில் சாய்ந்து கிடந்தன. முதல் சுவரோரத்துக்கு வெட்டத் தொடங்கியதுமே முக்கோணத் துண்டுகள் குவிந்துவிட்டன.

“யாரைக் கேட்டு இப்படிப் போட்டீங்க?”

“நூலகர் அம்மா ஆசைப்பட்டாங்க. சாய்ச்சுப் போட்டா ரூம் பெருசா தெரியுமாம். நீயே பாரு, தெரியுதா இல்லையா?”

தெரியத்தான் செய்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கடைக்குப் பேசினால், அந்தப் பச்சை இனி வராது என்று கையை விரித்துவிட்டார்கள்.

சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்தாள். பதிக்கும் முறையைச் ‘சாய்வு’ என்று மாற்றியதும், எவ்வளவு குறைகிறது என்று மென்பொருள் காட்டியது. வாசல் படிக்கு வந்த சாம்பல் நிற டைல்ஸ் நிறைய மிஞ்சியிருந்தது. சுவரை ஒட்டிச் சுற்றிலும் அதில் ஒரு பட்டை போட்டால்? வரைந்து பார்த்தாள். பச்சையின் தேவை இறங்கியது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பற்றாக்குறை இருந்தது.

தோளுக்குமேல் எட்டிப் பார்த்த மேஸ்திரி, “பட்டையை இன்னும் ரெண்டு விரல் கூட்டு. ஓரத்துல டைல்ஸ் சரிபாதியா வெட்டுப்படும். ஒரு பாதி இந்தச் சுவருக்கு, மறு பாதி எதிர்ச் சுவருக்கு” என்றார்.

கூட்டினாள். போதுமானதாக இருந்தது.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீ கேட்டாத்தானே.”

“சாய்க்கப் போறேன்னு நீங்க சொன்னாத்தானே நான் கேக்கறதுக்கு.”

பக்கத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நூலகம் திறந்தபோது, குழந்தைகள் நாற்காலிகளை விட்டுவிட்டு அந்தச் சாம்பல் பட்டைமேல் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள். நிறம் வேறானாலும், அடுத்துக் கட்டப்போகும் மாடிக்கும் இதே மாதிரிதான் வேண்டும் என்றார் நூலகர்.

இந்த முறை ஆர்டர் போடும் முன் அவளே மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

“மாடிக்கு நேராவா, சாய்வாவா? இப்பவே சொல்லிடுங்க.”

“வட்டமா போடலாம்னு இருக்கேன்.”

போனை வைத்தாள். சிரித்துக்கொண்டே ‘சாய்வு’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.