ஆடி மாதத்தில் அசையாத எண்

நான் சர்வர் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது உங்கள் பெரியம்மா, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர் இருப்பது எனக்கே வேலையில் சேர்ந்த அன்றுதான் தெரிந்தது.

தி. நகரில் ஒரு திருமணத் தகவல் நிலையம். முதல் மாடியில் கவுண்டர், ஜாதகம் பதிகிற பெண்கள் ஆறு பேர், ஆளுக்கொரு பச்சை எழுத்துத் திரை. அந்த ஆறு திரைக்கும் பின்னால் இருக்கிற ஒரே பெட்டி, இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறையில் இருந்தது. பதிந்த ஜாதகம் எல்லாம் அதற்குள்தான். நான் பத்தாவது வரை படித்து, பிறகு ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலை செய்தவன். ஏ.சி.யையும் பேட்டரிகளையும் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்தார்கள். கூடவே அந்தப் பெட்டியையும் பார்த்துக்கொள் என்றார்கள்.

பார்த்துக்கொள்வது என்றால் இவ்வளவுதான். மணிக்கு ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். விளக்குகள் பச்சையா என்று பார்க்க வேண்டும். பிறகு திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் நாலைந்து வரி வரும். கடைசி வரியின் ஓரத்தில் இருக்கும் சதவீதத்தை, மணிக்கொரு கட்டம் போட்ட அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிஸ்க்கில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. பெண்கள் ஒரு ஜாதகத்தைப் பதிந்தாலும் திருத்தினாலும் அந்தப் பெட்டி அதைத் தனியாக ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். இடம் தீர்ந்துவிட்டால் பெட்டி அப்படியே நின்றுவிடும். கிண்டியில் இருந்த பராமரிப்புக் கம்பெனியின் என்ஜினியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பழைய கோப்புகளை டேப்பில் ஏற்றிவிட்டு அழிப்பார். இது தவிர, ஞாயிற்றுக்கிழமைதோறும் மொத்த ஜாதகங்களுக்கும் ஒரு நகல் தனி டேப்பில் ஏறும். "எண்பத்தஞ்சைத் தாண்டினா உடனே போன் பண்ணுங்க சார்" என்று சொல்லியிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு முன்பே அங்கே இருந்தவர் ஒருவர். காலை முறை அவருடையது, மதியத்துக்கு மேல் என்னுடையது, நடுவில் இரண்டு மணி நேரம் இருவரும் இருப்போம். அவர் வந்ததும் அட்டையை எடுத்து, தன் பங்குக் கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார். நான் கேட்டால் சிரிப்பார்.

"இன்னா நைனா, நேத்து எழுபத்தொண்ணு, முந்தாநேத்து எழுபத்தொண்ணு. அந்த டிஸ்க்கு எழுந்து மெரினாவுக்கா போய்க்கினு கீது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது ஆடி மாதம். ஆடியில் எந்த வீட்டில் ஜாதகத்தை எடுக்கிறார்கள்? பதிகிற பெண்கள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டும் குமுதம் புரட்டிக்கொண்டும் உட்கார்ந்திருப்பார்கள். எண் அசையவே இல்லை. முதல் வாரம் நான் உள்ளே போய்ப் பார்த்து எழுதினேன். இரண்டாம் வாரம் கண்ணாடி வழியாக விளக்குகளை மட்டும் பார்த்தேன். மூன்றாம் வாரம் மேலே இருந்த எண்ணைக் கீழே எழுதினேன்.

ஆவணி பிறந்தது. கவுண்டரில் படிக்கட்டு வரை வரிசை நின்றது. பெண்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. அட்டையில் மட்டும் எழுபத்தொன்றே ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் எண் ஏறும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கை பழகிவிட்டது.

அந்த மாதம் முடிந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கடிதம் டைப் அடித்து மேனேஜர் மேசையில் இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு இருக்கும். ஆறு திரைகளும் ஒன்றாக நின்றுவிட்டன. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓரத்தில் நூறு. கிண்டிக்குப் போன் போட்டேன்.

"நேத்து எவ்வளவு சார்?"

அட்டையைப் பார்த்துப் படித்தேன். "எழுபத்தொண்ணு."

"இன்னிக்குப் பதினொரு மணிக்கு?"

"எழுபத்தொண்ணு."

"ஒரு மணி நேரத்துல இவ்வளவு ஏறாது. டிஸ்க் கெட்டிருக்கு. ஆஃப் பண்ணிடுங்க. புது டிஸ்க் எடுத்துட்டு வரேன். போன ஞாயித்துக்கிழமை எடுத்த டேப்ல இருந்து திரும்ப ஏத்திக்கலாம்."

மேனேஜர் மயிலாப்பூர்க்காரர், பாங்க்கில் ஓய்வு பெற்று வந்தவர். நான் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் பதிஞ்சது?"

"போயிடுமாம் சார்."

"என்னப்பா சொல்றே! பதிஞ்ச கையோட ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துண்டிருக்கோம். அஞ்சு நாளா வந்தவா ஒவ்வொருத்தர் ஆத்துக்கா போய் மறுபடியும் கேக்கறது?"

நான் மாடிக்கு வந்தேன். காலை முறைக்காரர் காதோடு சொன்னார்: "வாய தொறக்காத நைனா. டிஸ்க்கு பூட்ச்சுன்னு அவனே சொல்லிக்கினு கீறான். நமக்கு இன்னா வந்துச்சு?"

என்ஜினியர் வேர்வையோடு வந்தார். புது டிஸ்க்கின் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். சர்வர் பெட்டியின் மூடியில் ஒரு திருகைக் கழற்றிவிட்டார், இரண்டாவதில் கை வைத்தார். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

"சார், அந்த நம்பர் பார்த்து எழுதினதில்ல."

"எந்த நம்பர்?"

"எழுபத்தொண்ணு. ஒரு மாசமா பார்க்காமதான் எழுதினேன்."

திருப்புளியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. கழற்றிய திருகைத் திரும்ப மாட்டி, பெட்டியை ஆன் செய்து, கோப்புகளைத் தேதிவாரியாகத் திரையில் வரவழைத்தார். ஆவணி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே வந்திருந்தது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. பழையவற்றை டேப்பில் ஏற்றி, அழித்தார். மூன்று மணிக்குள் கீழே திரைகள் ஓடின. ஒரு ஜாதகம்கூடப் போகவில்லை.

மேனேஜர் அட்டைகளை வரவழைத்துப் புரட்டினார். "ரெண்டு பேருமா?"

"என் கையெழுத்து இருக்கிறதுக்கு நான் சொல்றேன் சார்."

காலை முறைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏற்கனவே நிரந்தரம். மேனேஜர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம், "ஆறு மாசம் போகட்டும்" என்றார். கடிதத்தை டிராயரில் வைத்து மூடினார்.

உங்கள் அம்மாவிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். "சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். டிஸ்க்கை மாற்றியிருப்பார்கள், கடிதம் கைக்கு வந்திருக்கும் என்றேன். அவள் களைந்த அரிசியை உலையில் போடப் போனாள்.

அதன்பிறகு மேனேஜர் தினமும் நாலு மணிக்கு, காலுறையோடு மாடியேறி வருவார். நான் அட்டையில் எழுதிய பிறகு என்னை மறுபடி கட்டளையைத் தட்டச் சொல்லி, அவரே கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் நான் எழுதியது நாற்பத்திரண்டு, திரையில் நாற்பத்து மூன்று. நடுவில் பத்து நிமிடம் போயிருந்தது, கீழே கூட்டம். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு எண்ணையும் நேரம் போட்டு எழுதச் சொன்னார், எழுதினேன். மாசி மாதம் கடிதம் வந்தது. டிராயரில் வைத்த அதே கடிதம்தான், தேதியை மட்டும் அடித்துத் திருத்தியிருந்தார்.