வசந்தி அக்காவின் பச்சை முகம்

நீலத் தறப்பாள் வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். பிளாஸ்ரிக்கும் புழுதியும் வேர்வையும் கலந்த மணம்... இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் பட்டால் எனக்குத் தலையிடி வந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு ஆரையம்பதியில் செல்வா அண்ணனின் ஸ்ரூடியோவுக்குக் கூரை அதுதான். நிவாரணத்தில் கிடைத்த தறப்பாள். டார்க் ரூமுக்குள் உப்புத்தண்ணி புகுந்து, போட்டோ கழுவுகிற சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணன் கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரையும் கலர் பிரிண்டரையும் கொண்டுவந்து வைத்தார். கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து அதற்கு முன்னால் இருத்தினார்.

"டேய், கொம்பியூட்டர் தெரியும்தானே? ஐ.சி. போட்டோ அடி."

ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோயிருந்தது. புதிதாக எடுப்பதென்றால் கறுப்பு வெள்ளைப் போட்டோதான் வேண்டும்.

கறுப்பு வெள்ளைதானே, இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன்... என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் என்ற ஒன்றே தெரியாது. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் கலந்து சாம்பல் மாதிரி எதையோ காட்டும். நாங்களோ ஊசியால் ரீபில் இங்க் ஏற்றுகிற ஆட்கள். ஒரு போத்தல் மாதிரி அடுத்த போத்தல் இல்லை. வசந்தி அக்காவின் முகம் பச்சையாக வந்தது.

வசந்தி அக்கா செட்டிபாளையம். வாவியில் பிடிக்கிற றாலை வாங்கி, காலை பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய் விற்பவர். பாலத்தடி ஆமி செக்பொயின்றில் எல்லாரும் இறங்கி ஐ.சி. காட்ட வேண்டும். அக்காவிடம் இருந்தது, அட்டை தொலைந்ததென்று பொலிஸில் கொடுத்த துண்டு மட்டும். அவரை ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். பஸ் போய்விடும். வெயில் ஏற ஏறக் கூடைக்குள் றால் நாறும்.

அந்தப் பச்சைப் போட்டோவை, ஐ.சி. விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டிய அவருடைய ஊர் விதானையார் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்ன மனே, எனக்குப் பாசி புடிச்சிருக்கா?" என்று அக்கா மேசையில் கொண்டுவந்து போட்டார்.

கறுப்பு இங்க் மட்டும் போட்டு அடித்தேன். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. அதுவும் திரும்பி வந்தது.

"முதல்ல பாசி. இப்ப அம்மாள் வருத்தம். மறுகா என்ன வருத்தம் தரப் போறாய்?"

அதற்குப் பிறகுதான் புரொஃபைல் என்கிற சனியனுக்குள் இறங்கினேன். வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் கட்டம் கட்டமாக ஒரு பட்டை அடிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் பச்சை தட்டுகிறது, எதில் சிவப்பு என்று பார்த்துக் கூட்டிக் குறைத்து, 'இந்த இங்க்குக்கும் இந்தப் பேப்பருக்கும் இப்படி அடி' என்று பிரிண்டருக்கு ஒரு கணக்குச் செய்து கொடுக்க வேண்டும். அளக்கிற மெஷின் எங்களிடம் ஏது... கண்தான் மெஷின். நடுவில் கரண்ட் போகும். மழை ஈரத்தில் பேப்பர் சுருளும். புது இங்க் போத்தல் வந்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து!

"பேப்பரைத் தின்னுறியாடா?" என்று செல்வா அண்ணன் பின்னால் வந்து நிற்பார்.

ஒருவழியாக வந்தது. ஸ்கிரீனில் இருந்த அதே சாம்பல். அக்கா சந்தோசமாகக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் வந்தபோது அவர் ஏசவில்லை. நாறிய றால் கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போட்டோவை நீட்டினார்.

"செம்மண் பூசினாப்போல இருக்கெண்டு விதானையார் சொல்றார், மனே."

வாங்கிப் பார்த்தேன். சாம்பல்தான்! செல்வா அண்ணனும் எட்டிப் பார்த்தார். "இதில எங்க செம்மண்? அந்தாளுக்குக் கண் பிழை."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. சைக்கிளை எடுத்துச் செட்டிபாளையம் வரைக்கும் மிதித்தேன். விதானையாரின் முற்றத்தில் நின்று, "இதில என்ன பிழையெண்டு சொல்லுங்க பாப்பம்!" என்று கத்தினேன்.

அவர் போட்டோவைக் கையில் வாங்கவே இல்லை. "நீயே பாரன், தம்பி."

பார்த்தேன்.

செங்கல்... வசந்தி அக்காவைச் சூளையில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

சைக்கிளைத் திருப்பினேன். பாதி வழியில்தான் மண்டையில் உறைத்தது. தறப்பாள்! பகலெல்லாம் அந்த நீல வெளிச்சத்துக்குள் இருந்துகொண்டு, நீலமாய்த் தெரிந்ததையெல்லாம் அடக்க மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எங்கள் ஸ்ரூடியோவுக்குள் மட்டும் சரியாகத் தெரிகிற புரொஃபைல்!

அடுத்த நாள் பட்டைகளை ரோட்டோர மதில் நிழலில் பரப்பினேன். அண்ணன் முந்தி டார்க் ரூமில் கழுவிய ஒரு போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். உள்ளே ஓடி அடிப்பதும், வெளியே ஓடிப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் பகிடி.

"என்னடா, கருவாடு காயப் போடுறியா?"

அப்படி அடித்த போட்டோ திரும்பி வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வந்தார். கூடை வெறுமையாக இருந்தது. "இறங்கினன், காட்டினன், ஏறினன் மனே," என்றார். "அதே பஸ்."

பிறகு யுத்தம் முடிந்தது. செக்பொயின்ற் போய், அந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். பஸ் அங்கே நிற்பதுகூட இல்லை. இப்போது ஐ.சி.க்குக் கலர் போட்டோதான். சாம்பலாவது, புரொஃபைலாவது... எந்தப் பொடியனிடமாவது சொன்னால் சிரிப்பான்.

போன மாதம் டவுன் சந்தையில் வசந்தி அக்காவைக் கண்டேன். அந்தப் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சிவப்பெல்லாம் வெளிறி, முகம் பச்சை.

"திரும்பவும் பாசி புடிச்சிற்று," என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"புதுசா எடுங்க அக்கா."

"என்னத்துக்கு? இப்ப ஆர் மறிக்கிற?"

உண்மைதான். ஒருவரும் மறிப்பதில்லை. நல்லதுதான்... ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டையைச் சந்தைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய், நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அங்கேயும் பச்சைதான்.