ஒரு பெரிய குவளை மோர்

தைப்பூசத்தன்று காலை, மலைக்கோயில் படிகளுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில், எங்கள் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முகம் வீங்கிய ஒருவர் வந்து நின்றார். இரண்டு முறை குவளையை நீட்டினேன். இரண்டையும் வாங்கிக் குடிக்காமல், பின்னால் நின்றவர்களுக்கே கொடுத்தார்.

மூன்றாவதாக ஒரு பெரிய குவளையை நீட்டி, "என்னண்ணே, எங்க மோரு பிடிக்கலையா? குடிங்க லா!" என்று கேலி செய்தேன். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தபடி, கண்ணை மூடி முழுவதையும் குடித்தார். அத்தனை ஆசையாக யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

"கிட்னி போச்சு தம்பி. இன்னிக்குப் பூரா டாக்டர் எனக்கு அளந்த தண்ணி இவ்ளோதான்," என்று காலிக் குவளையைக் காட்டினார்.

வெயில் அப்போதுதான் படியேறத் தொடங்கியிருந்தது. அவரும் ஏறிப் போனார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஏன் குடித்தார்? அந்தப் பகலை அவர் எப்படிக் கடந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.