துடைக்கக் கூடாத பேனல்

கூடப் படித்தவர்கள் புதுவகை சோலார் செல், பேட்டரி என்று எடுப்பான தலைப்புகளாகப் பார்த்து ஆராய்ச்சிக்குப் போனார்கள். இவள் தூசியைப் பிடித்துக்கொண்டாள். பேனலில் தூசி படிந்தால் மின்சாரம் எவ்வளவு குறையும் என்பதுதான் விஷயம். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஆய்வகத்தில் ‘தூசி டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“தூசி சேருதான்னு பாக்கறதுக்குச் சம்பளமா?” என்றாள் அத்தை. “எங்க வீட்டுப் பரண்ல ஏறிப் பாருடி. பெரிய விஞ்ஞானி ஆயிடுவே.”

ஆய்வகத்து மொட்டைமாடியில் இரண்டு பேனல்கள் சாய்ந்து நின்றன. ஒன்றை அவள் தினமும் கழுவுவாள். மற்றதைக் கடைசி மழைக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. காற்றும் புறாவும் போட்டதெல்லாம் அதில் அப்பிக் கிடந்தது. இரண்டும் தரும் மின்சாரத்துக்கு இடையிலான வித்தியாசம்தான் அவளுடைய உழைப்பு.

திட்டத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்று முடிவு செய்ய அன்று ஒரு குழு வந்திருந்தது. மூடினால் அவள் வேலையும் போகும். கீழே அவள் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு அப்பா வந்தார். “மேடம் எப்பவும் மாடியிலதான்” என்று காவலாளி கை காட்ட, மேலே ஏறிவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முன்கண்ணாடியைத் தன் கையால் துடைக்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

குழுவோடு மாடிக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“ஆளுங்க வர்ற நேரத்துல இப்படியாம்மா போட்டு வைப்பே? நல்லவேளை, நான் வந்தேன்.”

“அப்பா, அதுதாம்பா என் ஆராய்ச்சி.”

“எது?”

“நீங்க துடைச்சது.”

அப்பா துணியைப் பார்த்தார். “எல்லாம் இதுலதான் இருக்கு. மறுபடி பூசிடவா?”

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் அவள் அந்தப் பேனலின் மீட்டரைப் பார்த்தாள். எண் ஏறியிருக்கவில்லை. மறுபடி பேனலைப் பார்த்தாள். கீழே முழுக்கப் பளிச்சென்று இருந்தது. மேலே, அப்பாவின் கை எட்டாத இடத்தில், அழுக்கு ஒரு பட்டையாக மிஞ்சியிருந்தது.

பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. மேல் வரிசை அடைத்துக்கொண்டால் கீழே எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். வீட்டில் துடைப்பவர்களின் கை எதுவரை எட்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதைத்தான் திக்கித் திணறிச் சொன்னாள்.

குழுத்தலைவி மீட்டர் பக்கம் குனிந்தார். “எங்க வீட்லயும் அவர் வாரம் தவறாம துடைக்கிறார். கரண்ட் பில்லு குறையலேன்னு என்கிட்ட கத்துறார்.”

“சார் எவ்வளவு உயரம், மேடம்?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைவி வாய்விட்டுச் சிரித்தார்.

திட்டம் நீண்டது. இப்போது மாடியில் வெவ்வேறு உயரத்தில், நிமிர்ந்தும் படுத்தும், வரிசையாகப் பேனல்கள் நிற்கின்றன. துடைப்பதற்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைபோட்டு வருகிறார்கள்; அவரவர் கை இயல்பாக எட்டும்வரைதான் துடைக்க வேண்டும். அத்தைகூட ஒருநாள் வந்து, பரணைவிட இது தேவலை என்றாள். அப்பா நாள் தவறுவதில்லை. அவரோடுதான் தொல்லை.

“அப்பா, எக்கக் கூடாது.”

“இன்னும் ரெண்டு விரக்கடைதாம்மா. கண்ணை உறுத்துது.”

“குதிகாலைக் கீழ வைங்க.”

வைத்தார். அவள் திரும்பியதும் மறுபடி எக்கினார்.